சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகவில்லையா, திறக்கவில்லையா? ஃபார்மேட்டுக்கு முன் இதைப் பாருங்கள்

சிந்தாதிரிப்பேட்டையில், ரிச்சி தெருவுக்கு நடந்து போகும் தூரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். சிபியுவை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, "ஒரு சாஃப்ட்வேர் ஏற மாட்டேங்குது, ஃபார்மேட் போட்டுக் கொடுத்துடுங்க" என்று கேட்பவர்கள் வாரத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களில் உண்மையாகவே ஃபார்மேட் தேவைப்படுபவர்கள் மிகக் குறைவு.

மேற்கு மாம்பலத்திலிருந்து வந்த ஓர் அக்காவை மறக்கவே முடியாது. ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் திறக்கவில்லை என்று வேறோர் இடத்தில் கொடுத்திருக்கிறார். அவர்கள் கேட்காமலேயே ஃபார்மேட் போட்டுவிட்டார்கள். இறந்துபோன கணவரின் போட்டோக்கள் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. அப்புறமும் அதே சாஃப்ட்வேர் அதே பிழையைக் காட்டியதால் என்னிடம் கொண்டுவந்தார். இல்லாமல் போயிருந்தது ஒரே ஒரு துணைக் கோப்புதான். பத்து நிமிட வேலை. போட்டோக்களில் கொஞ்சம்தான் மீட்க முடிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் இரண்டு வேலை. திரையில் என்ன செய்தி வந்தாலும் ஓகே அழுத்தாமல் முதலில் போனில் ஒரு படம் எடுங்கள். "ஏதோ எரர் வந்துச்சு" என்றால் யாராலும் உதவ முடியாது. அந்த எண்ணும் கோப்புப் பெயரும்தான் துப்பு. அடுத்து, கடைசியாக எப்போது சரியாக ஓடியது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று யோசியுங்கள். விண்டோஸ் அப்டேட் வந்ததா, ஆன்டிவைரஸ் மாற்றினீர்களா, நடுவில் கரண்ட் போனதா?

இனி, போனில் என்னிடம் சொல்கிற வார்த்தைகளிலேயே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

"டபுள் கிளிக் பண்றேன், ஒண்ணுமே ஆகல"

முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருப்பதால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உள்பகுதியை டிஸ்க்கில் அப்படியே சேமித்து வைத்து, மறுநாள் அதையே எடுத்துக்கொள்கிறது. நேற்றுச் சிக்கிக்கொண்டது இன்றும் சிக்கியபடியே எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அப்படியும் வராவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். நீங்கள் திறக்க நினைத்த சாஃப்ட்வேரின் பெயர் அங்கே இருந்தால் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பத்து முறை டபுள் கிளிக் செய்தால் பத்து இருக்கலாம். எல்லாவற்றையும் எண்ட் டாஸ்க் கொடுத்துவிட்டு ஒரே ஒரு முறை திறந்து, ஒரு நிமிடம் பொறுங்கள்.

டாஸ்க்பாரில் ஐகான் தெரிகிறது, ஜன்னலைத்தான் காணோம் என்றால் அது வேறு. பெரம்பூரில் டியூஷன் எடுக்கும் ஒரு டீச்சருக்கு இப்படித்தான் ஆனது. புரொஜெக்டரில் பாடம் நடத்திவிட்டு கேபிளைக் கழற்றியிருக்கிறார். சாஃப்ட்வேரோ இன்னும் அந்த இரண்டாவது திரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அங்கேயே திறந்துகொண்டிருந்தது. டாஸ்க்பார் ஐகானைக் கிளிக் செய்துவிட்டு, விண்டோஸ் விசை, ஷிஃப்ட், இடது அம்புக்குறி மூன்றையும் அழுத்தினால் ஜன்னல் நம் திரைக்கு வந்துவிடும்.

"நீலப் பெட்டி வந்து, பிசியைப் பாதுகாத்தேன்னு சொல்லுது"

இது ஸ்மார்ட்ஸ்கிரீன். இணையத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு கோப்பிலும் "இது வெளியிலிருந்து வந்தது" என்று விண்டோஸ் ஒரு முத்திரை வைக்கும். அதிகம் பேர் பயன்படுத்தாத, அறிமுகமில்லாத கோப்பு என்றால் நிறுத்திக் கேட்கும். வைரஸ் என்று அது சொல்லவில்லை. தனக்குத் தெரியாத ஆள் என்று சொல்கிறது.

ஆகவே பார்க்க வேண்டியது அந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்பதைத்தான். தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்திருந்தால், மோர் இன்ஃபோ அழுத்தி ரன் எனிவே கொடுக்கலாம். அல்லது கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், கீழே இருக்கும் அன்பிளாக் கட்டத்தில் டிக் போடலாம். தேடலில் முதலில் வந்த ஏதோ ஒரு தளத்தில் பெரிய பச்சை டவுன்லோட் பட்டனை அழுத்தி எடுத்தது என்றால் அழித்துவிடுங்கள். அந்தப் பட்டன் பல நேரங்களில் வெறும் விளம்பரம். உள்ளே வேறெதுவோ இருக்கும்.

கோப்பு இறங்கிய உடனே காணாமல் போகிறது என்றால் ஆன்டிவைரஸ் எடுத்துப் பூட்டி வைத்திருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி என்ற பகுதியில் அதன் பெயரும் காரணமும் இருக்கும். கிராக் செய்த சாஃப்ட்வேர் கொடுப்பவர்கள் எல்லாரும் "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க" என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கம்ப்யூட்டரில்தான் நெட் பேங்கிங் செய்கிறீர்கள், ஆதார் நகலும் வைத்திருக்கிறீர்கள். காசு இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப் எல்லாம் முழுக்க இலவசம், சட்டப்படியும் சரி. பெரும்பாலான வீட்டு வேலைக்கு அவையே தாராளம்.

புது லேப்டாப்பில் ஸ்டோரிலிருந்து மட்டும்தான் ஏற்ற முடியும் என்று செய்தி வந்தால் அது எஸ் மோடில் இருக்கிறது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதியிலிருந்து இலவசமாக வெளியே வரலாம். வெளியே வந்தபின் மறுபடி எஸ் மோடுக்குப் போக முடியாது.

"பாதி ஏறுது, அப்புறம் ரிவர்ஸ்ல போயிடுது"

இதற்குக் காரணங்கள் பல. எளிதானவற்றை முதலில் ஒதுக்கிவிடுவோம்.

சி டிரைவில் இடம் இருக்கிறதா? சாஃப்ட்வேர் 2 ஜிபி என்றால் 2 ஜிபி போதாது. பிரித்து வைக்கத் தற்காலிக இடமும் வேண்டும். இரண்டு மூன்று மடங்கு காலியாக வைத்துக்கொள்ளுங்கள். டி டிரைவில் ஏற்றினாலும் தற்காலிகக் கோப்புகள் பொதுவாகச் சி-யில்தான் போய் விழும்.

ஜிப் கோப்பை வெளியே பிரிக்காமல், உள்ளே நுழைந்து அங்கிருந்தே செட்டப்பை ஓட்டினீர்களா? பல செட்டப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கும் மற்றக் கோப்புகளும் வேண்டும். முழுவதையும் ஒரு ஃபோல்டரில் பிரித்துவிட்டு அங்கிருந்து ஓட்டுங்கள்.

1618 என்ற எண் வந்தால் வேறொரு இன்ஸ்டாலேஷன் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. பின்னணியில் அப்டேட்டாகவும் இருக்கலாம். காத்திருங்கள், இல்லையேல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். 1603 என்பது "ஏதோ ஒன்று தோற்றது" என்ற பொதுவான செய்தி. பெரும்பாலும் அனுமதி இல்லாதது, பழைய பதிப்பின் மிச்சம், இடமின்மை ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். செட்டப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துப் பாருங்கள். பழைய பதிப்பை நீக்க முடியாமல் சிக்கியிருந்தால், நிறுவலையும் நீக்கத்தையும் சரிசெய்வதற்கென்றே மைக்ரோசாஃப்ட் ஒரு சிறு கருவியை இலவசமாகத் தருகிறது. அது விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) இருக்கும் மிச்சங்களைத் துடைத்துவிடும்.

கோப்பு சிதைந்திருக்கிறது என்று செய்தி வந்தால் மறுபடி டவுன்லோட் செய்வதுதான் வழி. போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கும்போது நடுவில் சிக்னல் போயிருந்தால் இப்படி ஆகும். தளத்தில் போட்டிருக்கும் அளவும் உங்களிடம் இருக்கும் அளவும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

அடுத்ததைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. தமிழில் பெயர் வைக்கும் நம்மவர்களுக்கு வரக்கூடிய சிக்கல். விண்டோஸை முதன்முதலில் அமைக்கும்போது, பயனர் பெயரை ஆசையாகத் தமிழில் கொடுத்திருந்தார் ஒருவர். நானும் அதை வரவேற்கிறவன்தான். ஆனால் அந்தப் பெயரிலேயே சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அவருக்கான ஃபோல்டர் உருவாகிவிடுகிறது. செட்டப் தன் தற்காலிகக் கோப்புகளை அதற்குள்தான் பிரித்து வைக்கும். யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறை) தெரியாத பழைய செட்டப்புகளுக்குத் தமிழ் எழுத்து வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிகிறது. விண்டோஸ் தமிழை யூனிகோடு வழியாக மட்டுமே கையாளுகிறது. ரஷ்ய மொழிக்கோ அரபிக்கோ இருப்பதுபோலத் தமிழுக்கென்று மாற்றிக்கொள்ளும் பழைய எழுத்துக்குறியீடு அதில் கிடையாது. எனவே செட்டப் இல்லாத ஒரு ஃபோல்டரைத் தேடித் தோற்றுப்போகிறது. "பாதையைக் காணோம்" என்ற வகையில் ஒரு செய்தி வரும். கேள்விக்குறிகள் நடுவில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கணக்கின் பெயரைப் பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து, அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு புதிதாக ஒரு கணக்கு உருவாக்கி, அதில் நுழைந்து இன்ஸ்டால் செய்யுங்கள். ஃபோல்டருக்குப் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் போதும்; உள்ளே நீங்கள் எழுதுவது, சேமிப்பது எல்லாம் தமிழிலேயே இருக்கட்டும்.

"ஏதோ டிஎல்எல் காணோம்னு வருது"

மாம்பலத்து அக்காவின் பிரச்சினை இதுதான். டிஎல்எல் என்பது சாஃப்ட்வேர் ஓடத் தேவையான துணைக் கோப்பு. விசிரன்டைம்140, எம்எஸ்விசிபி140 இந்த மாதிரிப் பெயர்கள் வரும். பல சாஃப்ட்வேர்கள் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் கொண்டு எழுதப்பட்டவை. அவை ஓட வேண்டுமானால் அதன் ரன்டைம் தொகுப்பு கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். நல்ல செட்டப் அதையும் சேர்த்தே ஏற்றும், சில ஏற்றாது.

காணோம் என்ற கோப்பின் பெயரைத் தேடி, டிஎல்எல்லை மட்டும் தனியாகத் தரும் தளங்களிலிருந்து எடுத்துச் சிஸ்டம்32-க்குள் போடுவது பலர் செய்யும் தவறு. அது யார் கொடுத்த கோப்பு, எந்தப் பதிப்பு என்று யாருக்கும் தெரியாது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று தேடுங்கள். 140 என்று முடியும் கோப்புகளுக்கு 2015 முதலான ஆண்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே தொகுப்பு போதும். 120 என்றால் 2013 தொகுப்பு, 110 என்றால் 2012, 100 என்றால் 2010, இவை தனித்தனி.

இன்னொன்று: உங்கள் விண்டோஸ் 64 பிட் என்றாலும் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டு தொகுப்பையும் ஏற்றுங்கள். உள்ளே ஓடும் சாஃப்ட்வேர் 32 பிட்டாக இருந்தால் அதற்கு எக்ஸ்86தான் வேண்டும். 0எக்ஸ்சி000007பி என்ற எண் வந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்: 32 பிட் கோப்பும் 64 பிட் கோப்பும் மாறிப்போய் ஒன்றோடொன்று சேரவில்லை. டிஎல்எல்லைக் கையால் எடுத்துப் போட்டவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன்.

டாட் நெட் 3.5 (இதுவும் மைக்ரோசாஃப்டின் ஒரு துணைத் தொகுப்புதான்) வேண்டும் என்று கேட்டால், கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து அதற்கு டிக் போட்டால் போதும். இணையம் இருந்தால் தானே எடுத்துக்கொள்ளும்.

"இந்த ஆப் உங்க பிசியில ஓடாதுன்னு சொல்லுது"

64 பிட் சாஃப்ட்வேரை 32 பிட் விண்டோஸில் ஏற்றப் பார்த்தால் இப்படி வரும். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் எந்த வகை என்று தெரியும். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது வந்தவை போன்ற பழைய மெஷின்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் விண்டோஸ் 7 இருந்தால் அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது. குரோம் பிரவுசர்கூட 109-ஆம் பதிப்போடு அதை விட்டுவிட்டது. அந்த மெஷினில் புதிய சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டுவதைவிட, இலகுவான ஒரு லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் படிக்க, தட்டச்சு செய்ய இன்னும் சில வருடம் உழைக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கம் டிடிபி செய்பவர்களிடம் இருபது வருடத்துக்கு முந்தைய சாஃப்ட்வேரில்தான் மொத்தப் பிழைப்பும் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் என்று ஆயிரக்கணக்கான பழைய கோப்புகள். 64 பிட் விண்டோஸில் 16 பிட் சாஃப்ட்வேர் அறவே ஓடாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். சில பழைய சாஃப்ட்வேர் 32 பிட்டாக இருந்தும் அதன் செட்டப் மட்டும் 16 பிட்டாக இருக்கும். அதனாலும் நின்றுபோகும். செட்டப் 16 பிட் இல்லை என்றால், முதலில் அதன் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குப் போய் எக்ஸ்பி என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் விர்ச்சுவல் பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடும் சாஃப்ட்வேர்) போட்டு, அதற்குள் ஒரு பழைய 32 பிட் விண்டோஸை இணையத் தொடர்பு இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

"லைசென்ஸ் செல்லாதுன்னு வருது, நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு"

திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பலர் வருடத்தைப் பார்ப்பதே இல்லை. மதர்போர்டில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்று இருக்கிறது. கரண்ட் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். அது தீர்ந்துவிட்டால், சுவிட்சை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அந்தப் பழைய தேதியில் உங்கள் லைசென்ஸ் தொடங்கியே இருக்காது. இணையதளச் சான்றிதழ்களும் செல்லாது. ஆகவே லைசென்ஸ் தவறு, செட்டப் டவுன்லோட் ஆகவில்லை, பிரவுசர் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கிறது என மூன்று புகார்கள் ஒன்றாக வரும். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தால் மூன்றும் தீரும். வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும் பேட்டரி அது.

தேதியும் நேரமும் சரியாகத் தெரிந்தும் சிக்கல் என்றால் டைம் சோனைப் பாருங்கள். மைலாப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் புது மெஷின் அமெரிக்க மேற்குக் கரை நேரத்திலேயே இருந்தது; யாரோ கடிகாரத்தை மட்டும் நம் நேரத்துக்குக் கையால் திருகிவிட்டார்கள். பார்க்க எல்லாம் சரி. உள்ளே மெஷின் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருக்கிறது. டிஜிட்டல் சிக்னேச்சர் வேலைக்கு ஆகவில்லை என்று இரண்டு நாள் அலைந்திருக்கிறார்கள். சோனைச் சென்னைக்கு, அதாவது பிளஸ் 5:30-க்கு மாற்றி, சிங்க் நவ் அழுத்தியதும் வேலை முடிந்தது.

"திறக்குது, உடனே மூடிக்குது"

புதிதாக ஒரு விண்டோஸ் கணக்கு உருவாக்கி அதில் திறந்து பாருங்கள். இந்தச் சோதனை பாதி தூரம் கூட்டிப்போய்விடும். அங்கே திறந்தால் சாஃப்ட்வேர் நன்றாக இருக்கிறது. உங்கள் கணக்கில் அதன் அமைப்புக் கோப்புகள்தான் கெட்டிருக்கின்றன. ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் அந்த சாஃப்ட்வேரின் பெயரில் இருப்பதை அழிக்காமல், பெயரின் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்து மாற்றி வையுங்கள். சாஃப்ட்வேர் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். ஏதாவது தேவைப்பட்டால் பழையது பத்திரமாக இருக்கும். அன்இன்ஸ்டால் செய்து மறுபடி ஏற்றினாலும் தீராத பிரச்சினைகளுக்குப் பல நேரம் இந்த ஃபோல்டர்தான் காரணம். நீக்கும்போது அது நீங்குவதில்லை.

புதுக் கணக்கிலும் மூடிக்கொண்டால் ஸ்டார்ட் மெனுவில் ஈவன்ட் வியூவர் என்று தேடித் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். நீங்கள் முயன்ற அதே நேரத்தில் சிவப்புக் குறியோடு 1000 என்ற எண் இருக்கும். அதில் ஃபால்ட்டிங் மாட்யூல் என்ற வரியில் எந்தக் கோப்பு விழுந்தது என்று எழுதியிருக்கும். அந்தப் பெயர் கிராஃபிக்ஸ் டிரைவருடையது என்றால் டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதுப்பியுங்கள்.

"எதுவுமே திறக்க மாட்டேங்குது, ஒண்ணு ரெண்டு இல்ல"

பல சாஃப்ட்வேர்கள் ஒரே நேரத்தில் தகராறு செய்தால் சாஃப்ட்வேர்களை விட்டுவிட்டு டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வடிந்த பிறகு, வேளச்சேரி, முடிச்சூர் பக்கமிருந்து வந்த மெஷின்களில் இதைத்தான் பார்த்தேன். காய வைத்து, போட்டதும் ஓடியது. சில மாதம் கழித்து ஒவ்வொன்றாகத் திறக்காமல் போனது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் மஞ்சளோ சிவப்போ காட்டினால், வேறு எந்தச் சோதனையும் செய்யாமல் முதலில் முக்கியமானவற்றை வெளியே நகலெடுங்கள். சாகப்போகும் டிஸ்க்கில் ஸ்கேன் ஓட்டினால் இருக்கும் உயிரும் போய்விடும்.

டிஸ்க் நன்றாக இருந்தால் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டுங்கள் (ஆங்கில எழுத்தில், இரண்டு சொல்லுக்கும் இடையே ஓர் இடைவெளியும் சாய்கோடும்). கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளைத் தானே மாற்றும்.

அதிலும் தீரவில்லை என்றால் செட்டிங்ஸில் ரிகவரி போய், கீப் மை ஃபைல்ஸ் என்ற ரீசெட். உங்கள் கோப்புகள் இருக்கும், ஏற்றிய சாஃப்ட்வேர்கள் போய்விடும். ரீசெட்டோ ஃபார்மேட்டோ, எதைச் செய்தாலும் அதற்கு முன்னால் நகலெடுங்கள். கடையில் கொடுப்பதாக இருந்தால் வீட்டிலேயே எடுத்துவிட்டுக் கொடுங்கள். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் மட்டும் போதாது. கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டர் பல இடங்களில் சி டிரைவைத் திறந்ததும் தெரியும் முதல் மட்டத்திலேயே இருக்கும். பழைய தமிழ் எழுத்துருக்கள் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும். அவை போனால் பழைய டிடிபி கோப்புகள் திறந்தாலும் படிக்க முடியாது. ஒரு மெஷினோடு மட்டும் பிணைக்கப்பட்ட லைசென்ஸ் இருந்தால் அதை முன்னதாகவே விடுவித்துவிடுங்கள் (டீஆக்டிவேட்). புது லேப்டாப் என்றால் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். அதற்கான 48 இலக்க ரிகவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்ட பிறகு மெஷினைக் கொடுங்கள்.